ஆயிரத்து நானூற்று முப்பது அடி

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ரயில் பாதையைத் தாண்டி இருந்த அரிசி மில்லில் இருபத்தேழு வருஷம் நெல் அவித்தவள் கருப்பாத்தாள். அவித்தது நெல்லைத்தான் என்றாலும் கூடவே அவள் நெஞ்சும் வெந்துகொண்டிருந்தது. கொப்பரைக்குக் கீழே உமியை அள்ளி அள்ளித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உமி லேசில் எரிகிற சாமான் இல்லை. முதலில் நன்றாகப் புகைந்து, எதிரே நிற்கிறவளை அழவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பற்றும். அந்தப் புகைக்குள் குனிந்து நின்றபடியே மில் முதலாளியை, அவருடைய மைத்துனரை, அவர் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தை என்று ஒருவரையும் விடாமல் வைதுகொண்டு வேலை பார்ப்பாள். படத்தில் இருந்த சாமி மட்டும்தான் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டது.

1977இல் அவளுக்கு ஐம்பத்தொன்றோ ஐம்பத்திரண்டோ. விடிகாலையில் அவள் இருமத் தொடங்கினால் தெருவே எழுந்துவிடும். கோழி கூவுவதை அந்தத் தெருவில் யாரும் நம்புவதில்லை, கோழிக்குச் சில நாள் புத்தி கெட்டுப் போகும். கருப்பாத்தாளின் இருமல் ஒருநாளும் தவறியதில்லை.

இருமலைக் கூட எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூச்சு வாங்குவதைத்தான் யாரும் நம்பவில்லை. குடத்தோடு நாலு எட்டு வைத்தால் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். தோள் இரண்டும் ஏறி இறங்கும். ஆனால் நின்ற இடத்தில் மூச்சு கொஞ்சம் திரும்பியதும் அதை வைத்து உடனே எவரையாவது ஏசத் தொடங்கிவிடுவாள். வாய் இவ்வளவு ஓடுகிறவளுக்கு மூச்சு இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

முக்கியமாக அவள் புருஷன் ஆறுச்சாமி நம்பவில்லை. மாங்காய்க் காலத்தில் தோப்புக் காவல், மற்ற காலத்தில் டீக்கடை பெஞ்சுக் காவல் என்று இருந்தவர் அவர். நாளைக்கு இரண்டு கட்டு பீடி. ஆனாலும் அவர் நெஞ்சு கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஒரு சத்தமும் தவறாமல் வேலை செய்தது.

"ஏனுங்க, ஊதறது நீங்க, இருமறது நானா? இதென்ன நாயமுங்க?" என்பாள் கருப்பாத்தாள்.

"எனக்கு மேலுக்கு நல்லாயிருந்தா அதுக்கு நான் என்ன புள்ள பண்ணட்டும்?" என்பார் அவர். "உனக்கு மூச்சு வாங்கறது தண்ணி சேந்தறப்ப மட்டுந்தான். சண்டைக்கு நிக்கறப்ப எங்கீயும் வாங்கறதில்ல."

அந்த வருஷம் சித்திரையில் ஒருநாள் கொப்பரைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மில்காரர்கள் மூட்டை வண்டியில் போட்டுக் கொண்டுபோய்ப் பாதிரிமார் ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். ஊசி, மருந்து, ஒரு வாரம் கஞ்சி. எழுந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கஞ்சி காச்சுனவ எவ?"

அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் வெங்கிடேஸ்வரன், கல்பாத்திக்காரர். முப்பது வயது, ஒல்லி, மூக்குக் கண்ணாடி. நெஞ்சு நோயாளிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு மோசம் என்று வரிசைப்படுத்த ஆசைப்பட்டார். மூச்சை அளக்கிற மெஷின் அங்கே இல்லை. சைக்கிள் மிதிக்க வைத்து அளக்கிற மெஷின் பெரிய பட்டணங்களில் இருப்பதாகக் கேள்வி. அதனால் வாயால் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது.

"ஒங்களுக்கு எத்தனை தூரம் நடந்தா மூச்சு முட்டறது?"

"அது யாரு கூட நடக்கறேங்கறதப் பொறுத்துங்க சாமி" என்றாள் கருப்பாத்தாள்.

டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

"எங்கூட்டுக்காரரு கூடன்னா பத்தடிங்க. என்ற தங்கச்சி கூடன்னா கொஞ்சம் எச்சாப் போவனுங்க."

எல்லோரும் இந்த மாதிரிதான். வண்டிக்காரர் காளிச்சாமி, சுருட்டில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர், "பழனி வரைக்கும் நடப்பனுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன மூச்சிலேயே பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருத்தர் வேலைக்கு லீவுச் சீட்டு வேண்டும் என்பதற்காக, கட்டிலை விட்டு இறங்கவே முடியாது என்று நடந்து வந்து சொன்னார்.

டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது சீமையிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஒரு வழி கிடைத்தது. மெஷின் ஒன்றும் வேண்டாம். ஒரு நீளமான வராந்தா, ஒரு கடிகாரம். நோயாளியைப் பன்னிரண்டு நிமிஷம் தன்னால் முடிந்த மட்டும் நடக்கச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. கடைசியில் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் நெஞ்சு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். படித்து முடித்த கையோடு டாக்டர் பெயிண்ட் டப்பாவோடு வராந்தாவில் மண்டியிட்டுவிட்டார். வராந்தா சரியாக நூறடி. பத்தடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டார். பெருக்குகிறவள் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சமையலறையில் போய்ச் சொன்னாள்.

பன்னிரண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார். கருப்பாத்தாளும் அதில் ஒருத்தி. நர்ஸ் ரோசி கையில் கடிகாரத்தோடு நின்றாள். திருச்சூர்ப் பக்கத்துப் பெண், தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசுவாள்.

"பன்னெண்டு நிமிஷம். ஓடப்படாது, வெறுதே நிக்கவும் படாது. முடியறப்போ, இனி ஒரடி கூட முடியாதுன்னு ஒங்களுக்கே தோணணும், கேட்டேளா?" என்றார் டாக்டர்.

"இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிப்போட்டு என்னுங்க பண்ணோணும்?"

"திரும்பி வரணும்."

"வந்து?"

"மறுபடி போகணும்."

கருப்பாத்தாள் டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள். "செக்குமாட்டுக்காச்சும் எண்ணெ வருமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

முதல் தரம் பதினொரு நடை, அதற்கு மேல் தொண்ணூறடி. வழியில் ஐந்து தடவை நின்றாள், அதில் இரண்டு தடவை வார்டுக்குள் படுத்திருந்தவர்களிடம் ஊர் விசாரிக்க. பழக்கமாகட்டும் என்று டாக்டர் மறுநாளும் நடக்கவிட்டார். ஆயிரத்து முந்நூற்று அறுபது. மூன்றாம் நாள் யாரோடும் பேசாமல், கையால் தொடையைத் தட்டித் தட்டி நடந்தாள். பதினாலு நடை, முப்பதடி. தூணைக் கட்டிப்பிடித்து நின்றவளுக்குப் பேச்சே வரவில்லை. ரோசி பயந்துபோனாள், அவளைப் பேச்சில்லாமல் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஆயிரத்து நானூத்தி முப்பது அடி" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி சிரித்தார். "இதொரு நடையாங்க டாக்டரு? இவ வேணும்னே மெதுவா நடக்கறாளுங்க. நான் நடந்து காட்டட்டுங்களா?"

நோயில்லாத ஆள் எவ்வளவு நடப்பான் என்று பார்க்க டாக்டருக்கும் ஆசைதான். ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார், காதில் செருகியிருந்த பீடியை ரோசி கையில் கொடுத்தார். அப்புறம் வராந்தாவில் ஒரு காற்று அடித்தது. திரும்பும்போதெல்லாம் சுவரில் ஒரு கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். மருந்துக்கு நின்றவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். முப்பத்துநாலு நடை, இருபதடி. மூவாயிரத்து நானூற்று இருபது. வந்து நின்று மீசையை நீவிக்கொண்டார்.

கருப்பாத்தாள் அவரைப் பார்த்த பார்வையில் அன்றைக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. அதைப் பார்த்தே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிற அன்று டாக்டரிடம் இரண்டு அளவையும் ஒரு சீட்டில் எழுதிக் கேட்டாள். அவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். ஆறுச்சாமிக்குத் தமிழே கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். அவளுக்கு அதுவும் கிடையாது, ஆனால் சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசற்படியிலிருந்து பஞ்சாயத்துக் கிணறு வரை அளந்தாள். முந்நூற்றுப் பத்தடி.

மறுநாள் காலையில் ஆறுச்சாமி காப்பிக்கு வந்து உட்கார்ந்தார். காப்பி வரவில்லை. குடம் வந்தது.

"என்ன புள்ள இது?"

"கெணத்துக்குப் போக முந்நூத்திப் பத்து, வர முந்நூத்திப் பத்து. ரெண்டு நடைக்கே ஆயிரத்தி எரநூத்திச் சொச்சம் போயிருதுங்க. எனக்கு இருக்கறதே ஆயிரத்தி நானூத்தி முப்பது. மிச்ச எரநூறடில நான் சோறாக்கோணும், ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போவோணும். அதுக்கு மேல நடந்தா நெஞ்சுத் துருத்தி கிழிஞ்சு போயிருமாமுங்க. டாக்டரு எழுதியே குடுத்துப்போட்டாரு." சீட்டை நீட்டினாள். "உங்குளுக்கு மூவாயிரத்தி நானூத்தி இருவது இருக்குது. எல்லாஞ் சும்மாதானுங்க கெடக்குது?"

பன்னிரண்டு நிமிஷம் என்கிற சங்கதி அவள் வாயில் வரவே இல்லை.

ஆறுச்சாமி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது. ஊர் முழுக்க, "மூவாயிரத்தி நானூறு நடந்தேனாக்கும், டாக்டரே கையைக் கட்டீட்டு நின்னாரு" என்று முந்தின நாளே டீக்கடையில் சொல்லியாகிவிட்டது. இப்போது கால் வலிக்கிறது என்று சொல்ல வழி இல்லை. குடத்தை எடுத்தார். குடத்தை இடுப்பில் வைக்க வெட்கப்பட்டுத் தோளில் வைத்தார். கிணற்றடியில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு வீடு வரை கேட்டது. வாரம் ஆகவில்லை, விறகு, ரேஷன் கடை, மாவு மில் எல்லாம் அந்த மூவாயிரத்துச் சொச்சத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

இந்த நேரத்தில்தான் டாக்டர் அடுத்த வேலையை ஆரம்பித்தார். மூச்சுக்குழாயை விரிக்கிற மாத்திரை ஒன்று வந்திருந்தது. அது நிஜமாகவே நடையைக் கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் ஒரு மாதம் ஒரு பொட்டலம், அடுத்த மாதம் இன்னொரு பொட்டலம். ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் மாவு. எதில் எது என்று ரோசியின் நோட்டுக்குத்தான் தெரியும், டாக்டருக்கே தெரியாது. இதையெல்லாம் அவர் எல்லோருக்கும் விளக்கமாகச் சொன்னார்.

"தெரியாமலே குடுக்கறீங்களா?" என்றாள் கருப்பாத்தாள். "நம்மூரு வைத்தியனுங்க எல்லாம் அப்படித்தானுங்க. ஆனா அவனுங்க வெளிய சொல்றதில்ல."

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அளக்கிற நாளில் ஆயிரத்து நானூற்று முப்பதே வந்தது. இரண்டாம் மாதம் நாலாவது நாள் காப்பி டம்ளரைப் பிடித்தால் கை கிடுகிடுவென்று ஆடியது. அவளுக்குப் புரிந்துவிட்டது, மாவு கையை ஆட்டாது. ஒரு வாரம் போனது. ஒருநாள் மத்தியானம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச்சி பழனாத்தாள் வீட்டை நினைத்துக்கொண்டு சும்மா நடக்கத் தொடங்கினாள். அங்கே அவள் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வழியில் பனைமரங்கள் வரிசையாக இருக்கும். முன்பெல்லாம் மரத்துக்கு மரம் நின்று நின்று போவாள். அன்றைக்கு இரண்டே மரத்தடியில் நின்றாள். மூன்றாவது மரத்தைத் தாண்டும்போதுதான் தான் நிற்கவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. திரும்பி அந்த மரத்தைப் பார்த்தாள். அதற்கு ஒரு வசவு கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, புகை கூட இல்லை அங்கே.

தங்கச்சி வீட்டில் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. அளக்கிற நாள் வருகிறது. இந்த நெஞ்சோடு நடந்தால் டாக்டர் ஆயிரத்து எண்ணூறு, தொள்ளாயிரம் என்று எழுதிவிடுவார். எழுதினால் குடம் திரும்பி வந்துவிடும்.

அளக்கிற நாளில் மெல்ல நடந்தாள். விரலை மடக்கி நடைகளை எண்ணிக்கொண்டாள். ரோசி நிமிஷம் சொல்லச் சொல்ல அதற்குத் தக்கபடி நிறுத்தி, இருமி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பதினாலு முடிந்து முப்பதாவது அடிக்கோட்டில் கால் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மணி அடிக்கட்டும் என்று நின்றாள்.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். மருந்துக்கு முன்னால் 1430. முதல் பொட்டலம் 1430. இரண்டாம் பொட்டலம் 1430.

"மத்தவா எல்லாருக்கும் இருவது முப்பது அடி முன்னே பின்னே இருக்கு. ஒங்களுக்கு மாத்திரம் தையல்காரன் வெட்டினாப்பல இருக்கே, அது எப்படியாக்கும்?"

"எனக்கு எல்லாமே ஒரு அளவா இருக்குமுங்க சாமி."

"டாக்டர்" என்றாள் ரோசி, "இவிடே நின்னுட்டு இருந்தாங்க. மணி அடிக்கறதுக்கு முக்கால் நிமிஷம் முன்னேயே. கள்ள இருமல்."

கருப்பாத்தாள் ரோசியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்து, பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கயிற்றால் அளந்தது, சீட்டு, துருத்தி கிழிவது, ஆறுச்சாமியின் குடம், பனைமரம்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "துருத்தி கிழியும்னு நான் எப்போ சொன்னேன்? ரெண்டு மாசம் ராப்பகலா நான் பண்ணின வேலையை இப்படிப் பாழாக்கிட்டேளே! இது ஒரு அளவாக்கும். இதுல பொய் சொல்லப்படாது!"

"சாமி, உங்குளுக்குப் பொஸ்தகத்துல எழுதோணும். எனக்குத் தண்ணி சேந்தோணும்" என்றாள் அவள். குரல் உயரவில்லை, அதுவே ரோசியை நிமிர வைத்தது. "நீங்க அளக்கறதென்னுங்க? கைய வீசீட்டுச் சும்மா நடக்கறது. என்ற ஊட்டுல சும்மா நடக்கற சோலி எதுங்க இருக்குது? போறப்ப காலிக் கொடம், வர்றப்ப நெறகொடம். சந்தைக்கு எறங்கறப்ப கத்தரிக்கா, திரும்பறப்ப வெறகு. ஆம்பளைங்க நடக்கற மாதிரி நடந்தா நானும் நடப்பனுங்க, தங்கச்சி ஊடு வரைக்கும் போய்ட்டு வந்துபோட்டேன். ஆனா இந்தச் சீட்டுல ஆயிரத்தித் தொள்ளாயிரம்னு போட்டீங்கன்னா, கொடத்தையும் சேத்துப் போட்ட மாதிரிதானே எங்கூட்டுல படிப்பாங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். சீமைப் பத்திரிகையில் குடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"ரோசி, அடுக்களையிலேர்ந்து ஒரு குடம் கொண்டு வரச் சொல்லு. நெறச்சு" என்றார்.

குடம் வந்தாலும் அன்றைக்கே நடக்கவில்லை, அது இரண்டு நாள் காத்திருந்தது. முதல் நாள் கையை வீசிக்கொண்டு ஒழுங்காக நடக்கச் சொன்னார். அவளும் வஞ்சகம் இல்லாமல் நடந்தாள், ஆயிரத்து எண்ணூற்று எழுபது வந்தது. எண்ணைக் கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுநாள் குடம். நிறைய ஊற்றி, முறுக்கிய துணிச் சும்மாடு கொடுக்க வந்த பெருக்குகிறவளை, "எங்கூருல இடுப்புலதான்" என்று தள்ளிவிட்டு இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ஆறுச்சாமி வழக்கம்போல் பெஞ்சில் இருந்தார். அவளைக் கூட்டிப்போக வந்தவர். டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. துருத்தி கிழிகிற கதை பொய் என்று தெரிந்ததில் மனிதருக்கு ஏக குஷி. "பாத்தீங்களா? நான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்று மருந்து வாங்க வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நடை சரியாகப் போனது. இரண்டாவதில் பாதியில் நின்றாள். மூன்றாவதில் இரண்டு தடவை. குடத்துப் பக்கம் உடம்பு வளைந்து, மறுபக்கத் தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது. கழுத்துக் குழியில் தோல் உள்ளே இழுத்து இழுத்து விட்டது. வாய் திறந்திருந்தது, ஆனால் அதிலிருந்து வார்த்தை ஒன்றும் வரவில்லை. தண்ணீர் தளும்பி வராந்தாவெல்லாம் சிந்தியது. நாலாவது நடையில் தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, குடத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்திரண்டு வருஷம் அவள் தண்ணீர் கொண்டுவந்த வீட்டில் இருந்தவர்தான் ஆறுச்சாமி. கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் அவளை அவர் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு அவர் டீக்கடையில் இருப்பார். குடம் போனது தெரியும், குடம் வந்தது தெரியும். நடுவில் இருப்பதை அன்றைக்குத்தான் பத்தடிக்கு ஒரு கோடு போட்டு அவருக்குக் காட்டினார்கள்.

"ஏழு நிமிஷம்" என்றாள் ரோசி.

ஆறுச்சாமி பெஞ்சு நுனிக்கு நகர்ந்திருந்தார். மருந்து வாங்க வந்தவர் ஏதோ கேட்டார், இவர் காதில் விழவில்லை.

கருப்பாத்தாள் ஐந்தாவது நடையை முடித்துத் திரும்பினாள். உதட்டில் அந்த நீலம் வந்துவிட்டது. நாற்பதடிக் கோட்டில் ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் என்று அப்படியே நின்றாள். "பத்து நிமிஷம்" என்று ரோசி சொல்லி வாய் மூடவில்லை, ஆறுச்சாமி எழுந்து அவளிடம் போய்விட்டார். அவள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கினார்.

"ஐயோ, தொடக்கூடாது! இன்னும் ரெண்டு நிமிஷம் உண்டு!" ரோசி கத்தினாள்.

"ஆறுச்சாமி! டெஸ்ட் நடக்கறது, கேட்டேளா? குடத்தைக் குடுங்கோ!" டாக்டர் எழுந்து நின்றார்.

"குடுக்க முடியாதுங்க" என்றார் ஆறுச்சாமி. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் வராந்தாவின் நடுவில் நின்றார். "அளந்தது போதுமுங்க. உங்குளுக்கு வேணும்னா மிச்சத்த நான் நடக்கறேன்."

கருப்பாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சைத் தேடினாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. கிடைத்ததும் முதல் மூச்சிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நிமிசந்தானுங்களே இருந்துது! அதுக்குள்ள உங்குளுக்கு என்ன கேடு வந்துது? இத்தன நேரம் உசுரக் குடுத்து நடந்தேன், எல்லாங் கெட்டுப் போச்சு. உக்காந்த எடத்துல உக்காந்திருக்க மாட்டீங்களா?"

ஆறுச்சாமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

டாக்டர் நோட்டைத் திறந்து, 'குடத்துடன்: பத்து நிமிஷத்தில் 540 அடி. நோயாளியின் கணவரால் தடைப்பட்டது' என்று எழுதினார். இந்த மாதிரி ஒரு குறிப்பை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் ஓரத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு தண்ணீருக்குச் சீட்டு தேவைப்படவில்லை. ஆறுச்சாமி தினமும் சேந்தினார், தினமும் முணுமுணுத்தார். கிணற்றடிப் பெண்கள் சிரித்துச் சிரித்து அலுத்துப்போய், கடைசியில் அவரிடமே கயிற்றுக்கு முடிச்சுப் போடக் கொடுத்தார்கள். உமி அடுப்பை விடாவிட்டால் எந்த மாத்திரையும் பிரயோசனப்படாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கருப்பாத்தாள் மில்லுக்குப் போய் முதலாளியிடமும், மைத்துனரிடமும், சாமி படத்திடமும் சேர்த்து ஒரு மணி நேரம் விடைபெற்றுக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து, ஆஸ்பத்திரி வராந்தாவை ஒட்டிய வேப்பமரத்தடியில் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்கத் தொடங்கினாள்.

அடுத்த வருஷம் டாக்டர் தன் கட்டுரையைக் கோழிக்கோட்டில் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் வாசித்துவிட்டு வந்தார். மருந்தால் நடை கூடுகிறது என்று நிரூபித்தாகிவிட்டது. சந்தோஷமாக வந்து அவளிடமும் சொன்னார்.

"என்னையப் பத்தி என்னுங்க சொன்னீங்க?"

டாக்டர் தயங்கினார். "பதினோரு பேர் கணக்குத்தான் சேர்க்க முடிஞ்சுது. ஒங்களோடது... சரியான அளவு இல்லையோன்னோ."

"அந்த மருந்துல கை ஆடும்னு கண்டுபுடிச்சதே நான்! அந்தக் காளிச்சாமிய எல்லாஞ் சேத்துக்கிட்டீங்க, என்னைய உட்டுப்போட்டீங்களா?" என்று கேட்டாள். மூன்று நாள் அவருக்குக் கொய்யா கொடுக்கவில்லை.

நாலாவது நாள் கொடுத்தாள், ஆனால் வேறு தொல்லை தொடங்கியது. டாக்டர் காளிச்சாமியோடு புதிதாக ஏழு பேரைச் சேர்த்து நடக்கவிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நடக்கிறவர்களுக்கு ஒரு அளவு வந்தது, வியாழக்கிழமை அதே ஆட்கள் நூறு நூற்றைம்பது அடி கூட நடந்தார்கள். மருந்து மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. ரோசிதான் கடைசியில் சொன்னாள்: திங்கட்கிழமை கருப்பாத்தாள் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போய்விடுகிறாள். வியாழக்கிழமை மரத்தடியில் இருக்கிறாள்.

டாக்டர் ஒரு வியாழக்கிழமை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார். காளிச்சாமி நடந்துகொண்டிருந்தார். மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"நட காளிச்சாமி! பழனி போறவன்தானே நீயி? எருமை கூட உன்ன முந்தீட்டுப் போகும் போல! எங்கூட்டுக்காரரு கொடத்தோட இத உட வேகமா வருவாரு! நிக்காதே, நிக்காதே, அந்தக் கோட்டத் தொட்டீன்னா ஒரு கொய்யாக்கா!"

காளிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தொட்டார்.

டாக்டர் வெளியே வந்தார். கையைக் கூப்பினார். "கருப்பாத்தாளம்மா, ஒரு உபகாரம் பண்ணணும். அவா நடக்கறப்போ, பன்னெண்டு நிமிஷம், நீங்க வாயைத் திறக்கப்படாது. அளவெல்லாம் மாறிப் போறது."

"நான் என்னுங்க பண்ணுனேன்? நடக்கச் சொல்லித்தானே சொன்னேன்?"

"அதான். சொல்லப்படாது."

கருப்பாத்தாள் யோசித்தாள். அந்த டாக்டர் மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. சரி என்று முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். அடுத்த ஆள் நடக்கத் தொடங்கினார், குழல்மன்னத்துக்காரர், மெலிந்தவர், ஒவ்வொரு கோட்டையும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ரோசி கடிகாரத்தை ஒரு கண்ணாலும் மரத்தடியை ஒரு கண்ணாலும் பார்த்தாள். இரண்டு நிமிஷம் போனது. மூன்று போனது. கருப்பாத்தாளின் தோள் ஏறி இறங்கியது, முகம் சிவந்தது. நாலாவது நிமிஷத்தில் அந்த மனிதர் வராந்தாவின் நடுவில் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்பது போல் பின்னால் பார்த்தார்.

முந்தானை கீழே விழுந்தது.

"ஏனுங்க, உங்களைத்தான்! பின்னால என்ன தேடறீங்க, மாமியார் ஊட்டு விருந்தா வருது? முன்னால பாத்து நடங்க!"

அவர் திடுக்கிட்டு, பிறகு சிரித்துவிட்டு நடந்தார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார். ரோசி நோட்டில் நடந்தவர் பெயருக்கு எதிரே 'வியாழன்' என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டாள்.